திங்கட்கிழமையிலும் தேவ சமுகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறிய வேதபாடக் குழு ஒன்றைச் சில வருடங்களாக நடத்தி வருகிறேன். அங்கே எல்லோர் முன்பாகவும் கேட்ட கேள்விகள் சில, கூட்டம் முடிந்து மற்றவர்கள் போன பிறகு ஒருவர் மட்டும் தயங்கி நின்று கேட்டவை சில. இரண்டாம் வகைதான் எப்போதும் கனமானவை. நான் போதகர் இல்லை, இறையியல் கல்லூரியில் படித்ததும் இல்லை. இதே கேள்விகளோடு நானும் நாட்களை ஓட்டியவன், அவ்வளவுதான்.

‘தேவ சமுகம்’, ‘தேவ பிரசன்னம்’ என்கிறார்களே, சரியாக என்ன அது?

முதலில் சொல்லைப் பார்த்துவிடலாம், பாதிக் குழப்பம் அங்கேதான் இருக்கிறது. சங்கீதம் 16:11 நம் பழைய மொழிபெயர்ப்பில் இப்படி வருகிறது: “உம்முடைய சமுகத்தில் பரிபூரண ஆனந்தமும், உம்முடைய வலதுபாரிசத்தில் நித்திய பேரின்பமும் உண்டு.” எங்கள் குழுவில் ஒரு தம்பி இதைச் ‘சமூகத்தில்’ என்று நெடிலாக வாசித்துவிட்டு, விசுவாசிகளின் கூட்டத்தில் ஆனந்தம் உண்டு என்று ஐந்து நிமிடம் விளக்கமும் கொடுத்தார். அழகான விளக்கம்தான், ஆனால் வசனம் சொல்வது அது இல்லை. சமுகம் என்றால் முன்னிலை, சந்நிதி. எபிரெயத்தில் அந்த இடத்தில் இருப்பது ‘முகம்’ என்று பொருள்படும் சொல். உம்முடைய முகத்துக்கு முன்பாக நிறைந்த ஆனந்தம் உண்டு என்கிறார் தாவீது.

‘பிரசன்னம்’ இன்னும் சுவையான சொல். சபையில் அதை ‘இருப்பு’ என்ற பொருளில் பயன்படுத்துகிறோம். தமிழில் அதற்கு மலர்ச்சி, தெளிவு என்ற பொருளும் உண்டு. பிரசன்னமான முகம் என்றால் மலர்ந்த முகம். இரண்டும் ஒரே சொல்லில் வந்தது தற்செயலாக இருக்கலாம். எனக்கு அது பெரிய உதவியாக இருந்தது. தேவ பிரசன்னம் என்பதை அறைக்குள் நிரம்பும் ஒரு சக்தி மாதிரி, ஒரு அதிர்வு மாதிரி நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், அது வருகிறதா போகிறதா என்று கவனிப்பதே என் வேலையாக இருந்தது. நம்மை நோக்கி மலர்ந்திருக்கும் ஒரு முகம் என்று புரிந்தபோது கேள்வியே மாறிவிட்டது. ஆரோன் ஜனங்களை ஆசீர்வதிக்கும்படி கொடுக்கப்பட்ட வார்த்தைகளிலும் இதே படம்தான்: “கர்த்தர் தம்முடைய முகத்தை உன்மேல் பிரகாசிக்கப்பண்ணி, உன்மேல் கிருபையாயிருக்கக்கடவர்” (எண்ணாகமம் 6:25).

தேவன் எங்கும் இருக்கிறார். அப்புறம் ஏன் அவருடைய சமுகத்தைத் தேட வேண்டும்?

ஒரே வீட்டில் இருக்கும் இருவர் நாள் முழுக்க ஒருவரை ஒருவர் ஏறிட்டுப் பார்க்காமலே இருந்துவிட முடியும். இருப்பது வேறு, முகம் பார்ப்பது வேறு.

“உம்முடைய சமுகத்தைவிட்டு எங்கே ஓடுவேன்?” என்று 139-ஆம் சங்கீதம் கேட்கிறது, ஓட இடமே இல்லை. ஆனால் யாக்கோபைப் பாருங்கள். வீட்டை விட்டு ஓடிவந்து, கல்லைத் தலைக்கு வைத்துத் தூங்கி எழுந்து, “மெய்யாகவே கர்த்தர் இந்த ஸ்தலத்தில் இருக்கிறார், இதை நான் அறியாதிருந்தேன்” என்கிறான் (ஆதியாகமம் 28:16). அந்த இரவில் தேவன் புதிதாக அங்கே வந்து சேரவில்லை. யாக்கோபுக்குத் தெரிந்தது மட்டும்தான் புதிது.

மகிழ்ச்சி உலகத்துக்குரியது, சந்தோஷம் ஆவிக்குரியது என்று பிரித்துச் சொல்கிறார்களே?

நானும் பல பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். வேதத்தில் அப்படி ஒரு கோடு எனக்குத் தென்படவில்லை. சந்தோஷம், மகிழ்ச்சி, களிகூருதல், ஆனந்தம் எல்லாம் மாறி மாறித்தான் வருகின்றன. ஆபகூக் கடைசியில் “கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன், என் இரட்சிப்பின் தேவனுக்குள் களிகூருவேன்” என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறார்.

சொல்லில் இல்லாத வித்தியாசம் காரணத்தில் இருக்கிறது. சங்கீதம் 4 இதை நேராகச் சொல்கிறது. “உம்முடைய முகத்தின் ஒளியை எங்கள்மேல் பிரகாசிக்கப்பண்ணும்” என்று கேட்டுவிட்டு, அடுத்த வசனத்திலேயே தாவீது, தானியமும் திராட்சரசமும் பெருகிய காலத்தில் மற்றவர்களுக்கு வரும் சந்தோஷத்தைவிட அதிகமான சந்தோஷத்தை என் இருதயத்தில் தந்தீர் என்கிறார். விளைச்சலில் வரும் சந்தோஷத்தை அவர் பழிக்கவில்லை. அதைவிடப் பெரியது ஒன்று தனக்குக் கிடைத்தது என்கிறார். அது விளைச்சலைச் சார்ந்ததும் இல்லை.

இந்தப் பிரிவினையில் எனக்கு இன்னொரு மனக்குறையும் உண்டு. ‘எனக்கு ஆவிக்குரிய சந்தோஷம் இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டே, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் வருடக்கணக்கில் வாழ அது ஒரு சாக்காகிவிடுகிறது.

ஞாயிறு ஆராதனையில் உள்ளம் நிறைந்துவிடுகிறது. திங்கள் காலையில் எங்கே போகிறது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான்.

ஞாயிறன்று நாம் அனுபவிப்பதில் பல சேர்ந்திருக்கின்றன. இசை, கூட்டுக் குரல், வேலையில்லாத காலை, நாம் நேசிக்கிற முகங்கள், அவற்றோடு தேவ சமுகம். முதல் நான்கும் திங்கட்கிழமை இல்லை. ஐந்தாவது இருக்கிறது. ஆனால் ஐந்தையும் ஒன்றாகவே அனுபவித்துப் பழகியதால், நான்கு போனதும் ஐந்தும் போய்விட்டதாக உள்ளம் முடிவு கட்டிவிடுகிறது. இசையைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பாடலில்லாத சபையில் என்னால் ஒரு மாதம்கூட இருக்க முடியாது. எது எது என்று பிரித்தறியத் தெரிந்தால் போதும்.

இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தேவனை ஆராதித்த ஆசரிப்புக் கூடாரத்தில் ஒரு சின்ன விஷயம் உண்டு. பொன் மேஜையின்மேல் எப்போதும் பன்னிரண்டு அப்பங்கள் இருக்க வேண்டும், ஓய்வுநாள்தோறும் புதிதாக வைக்க வேண்டும் (லேவியராகமம் 24). அவற்றுக்குப் பெயர் சமுகத்தப்பங்கள். மேகமும் அக்கினியும் இறங்கிய அதே இடத்தில், வாரம் முழுக்க ஒன்றும் நடக்காமல், அப்பம் வெறுமனே இருந்தது, தேவனுடைய முகத்துக்கு முன்பாக. நம் திங்கள், செவ்வாய், புதன் எல்லாம் அந்த அப்பம் மாதிரி என்று நினைத்துக்கொள்வேன்.

வேலையின் நடுவில் தேவனை நினைத்துக்கொண்டிருப்பது நடக்கிற காரியமா? கவனம் சிதறாதா?

சிதறும். ஒரு கணக்கைச் சரிபார்க்கும்போதோ வண்டி ஓட்டும்போதோ முழுக் கவனமும் அந்த வேலையில் இருக்க வேண்டும், அதுவே அந்த நேரத்தின் கீழ்ப்படிதல். இங்கே பேசுவது வேலைக்கும் வேலைக்கும் நடுவிலுள்ள இடுக்குகளைப் பற்றி. ஒரு நாளில் அவை எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்: கதவைத் திறக்கும் நேரம், கணினி உயிர்பெறும் நேரம், படியேறும் நேரம், யாராவது பதில் சொல்லக் காத்திருக்கும் நேரம்.

17-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார். சாதாரணப் படைவீரராக இருந்து, காயப்பட்டு, கால் ஊனமாகி, பிறகு கார்மேல் சபைத் துறவியர் மடத்தில் பணிவிடைச் சகோதரராகச் சேர்ந்தவர். அவருக்குக் கொடுத்தது சமையலறை வேலை. அந்த வேலை அவருக்கு இயல்பாகவே பிடிக்காது. பல வருடம் அதையே செய்தார், பிறகு மடத்துக்காரர்களின் செருப்புத் தைத்தார். 1691-இல் அவர் இறந்த பிறகு, அவருடைய கடிதங்களும் அவரோடு பேசியவர் எழுதிவைத்த குறிப்புகளும் வெளிவந்தன. அவர் சொன்னதன் சாரம் எளிமையானது: பாத்திரச் சத்தமும், ஆளாளுக்கு ஒன்று கேட்டுக் கூப்பிடுவதுமான சமையலறையில், முழங்காலில் இருக்கும்போது உள்ள அதே அமைதியோடு தேவனோடிருக்க முடிகிறது, அடுப்பில் ஒரு முட்டை அடையைத் திருப்பிப் போடுவதையும் தேவன்மேலுள்ள அன்பினால் செய்யலாம்.

இதைச் சொன்னால் உடனே, “அவர் துறவி, அவருக்கென்ன” என்பார்கள். அவருடைய கடிதங்களில் பலரும் தவறவிடுகிற ஒரு வரியை அப்போது நான் நினைவுபடுத்துவேன். முதல் பத்து வருடம் மிகவும் வேதனைப்பட்டதாக அவரே எழுதியிருக்கிறார். அந்த அமைதி மடத்தின் வாசலில் யாரும் கையில் கொடுத்தனுப்பியது இல்லை.

இன்னொருவர் பிராங்க் லாபக், பிலிப்பீன்ஸின் மிண்டனாவோ தீவில் இருந்த அமெரிக்க மிஷனரி. எழுத்தறிவு இயக்கத்துக்காகப் பிற்காலத்தில் உலகம் அறிந்தவர். 1930-இல், நாற்பத்தைந்து வயதில், தனிமையும் தோல்வி உணர்வும் அழுத்திக்கொண்டிருந்தபோது, விழித்திருக்கும் ஒவ்வொரு நிமிடத்திலும் ஒரு கணமாவது தேவனை நினைக்க முடியுமா என்று முயன்று பார்த்தார். அதைப் பற்றித் தன் தகப்பனாருக்குக் கடிதங்கள் எழுதினார். முடியாமல் போன நாட்களையும் ஒளிக்காமல் எழுதினார். பின்னாளில் அதை ஒரு விளையாட்டு என்றே அழைத்தார். விளையாட்டு என்ற அந்தச் சொல் எனக்குப் பிடிக்கும். தோற்றால் மறுபடி ஆடலாம்.

மார்த்தாளைப் போல் இருக்கக் கூடாது என்றுதானே இயேசு சொன்னார்? வேலையே தடையாக இருக்கிறதே?

இயேசு வீட்டுக்கு வந்திருந்தபோது சகோதரி மரியாள் அவர் பேசுவதைக் கேட்டு உட்கார்ந்திருந்தாள், வேலையில் தனக்கு உதவவில்லை என்று மார்த்தாள் புகார் சொன்னாள். அந்த மார்த்தாளுக்கு நாம் கொஞ்சம் அநியாயம் செய்கிறோம். “நீ அநேக காரியங்களைக் குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்” என்பதுதான் இயேசு சொன்னது (லூக்கா 10:41). கவலையையும் கலக்கத்தையும் சொன்னார், சமைத்ததைச் சொல்லவில்லை. யோவான் 12-இல் மறுபடியும் அதே பெத்தானியாவில் ஒரு விருந்து. “மார்த்தாள் பணிவிடை செய்தாள்” என்று ஒரே வரி. இந்த முறை புகார் இல்லை, சகோதரியைப் பார்த்து முறைப்பும் இல்லை, யாரும் அவளைத் திருத்தவும் இல்லை. அதே வேலை, அதே பெண். நடுவில் அவள் தன் சகோதரன் லாசருவின் கல்லறை வாசலில் இயேசுவோடு நின்றிருந்தாள்.

சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள். பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் ஜெபிக்க முடியவில்லை.

பத்து நிமிடத்தை விட்டுவிடுங்கள். கொஞ்ச வருடத்துக்கு அது திரும்ப வராது, அதற்காகக் குற்ற உணர்வு வேண்டாம். நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த ஜான் காசியன், வனாந்தரத் துறவிகளிடம் கற்றதாக ஒரு வழக்கத்தை எழுதிவைத்தார்: ஒரே ஒரு வசனத்தை நாள் முழுக்க, எந்த நிலையிலும், திரும்பத் திரும்பச் சொல்வது. அவர் சொன்ன வசனம் சங்கீதம் 70:1, “தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்.” இரவு மூன்று மணிக்கு அழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான ஜெபம் இருக்க முடியாது.

கைப்பேசிதான் என் பெரிய எதிரி. என்ன செய்வது?

காலையில் அதைத் தொடுமுன் ஒரு வசனமாவது வாசிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவில் வேறு அறையில் வையுங்கள். வேத செயலி அதில்தானே இருக்கிறது என்பவர்களுக்கு: அச்சிட்ட வேதத்தில் அறிவிப்பு மணி அடிப்பதில்லை. இதற்குமேல் பெரிய ஞானம் என்னிடம் இல்லை, நானும் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஜெபிக்கிறேன், வாசிக்கிறேன். ஒன்றுமே உணர முடியவில்லை. தேவன் என்னை விட்டுப் போய்விட்டாரா?

எம்மாவு என்ற ஊருக்குப் போன இரண்டு சீஷர்களை நினைத்துப் பாருங்கள் (லூக்கா 24). உயிர்த்தெழுந்த இயேசு கூடவே நடக்கிறார், வேதத்தை விளக்குகிறார், அவர்களுக்குத் தெரியவில்லை. அப்பம் பிட்டபோதுதான் கண் திறந்தது, உடனே அவர் மறைந்தும் போனார். அதன் பிறகுதான், “வழியிலே அவர் நம்முடனே பேசியபோது நம்முடைய இருதயம் கொழுந்துவிட்டு எரியவில்லையா” என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள். நடக்கும்போது தெரியாதது திரும்பிப் பார்க்கும்போது தெரிந்தது. சமுகத்தை உணர்வது பல நேரம் அப்படித்தான், பின்னோக்கித்தான் பிடிபடுகிறது.

அதனால்தான் மாலையில் ஐந்து நிமிடம் நாளைத் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தைப் பரிந்துரைக்கிறேன். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் (1491–1556) இதை நாளுக்கு இருமுறை செய்யச் சொன்னார். காலையிலிருந்து நடந்ததை வரிசையாக ஓட்டிப் பார்த்து, எங்கே நன்றி சொல்லத் தோன்றுகிறது, எங்கே முகம் திருப்பினேன் என்று கேட்பது. வறட்சிக் காலத்துக்கென்றே அவர் கொடுத்த ஒரு விதியும் உண்டு: உள்ளம் வறண்டிருக்கும்போது, முன்பு தெளிவாக இருந்த நேரத்தில் எடுத்த தீர்மானங்களை மாற்றாதே. சபையை மாற்றலாமா, ஊழியத்தை விடலாமா என்ற எண்ணமெல்லாம் சரியாக அப்போதுதான் வரும். பொறுங்கள்.

இன்னொன்று. அன்னை தெரேசாவின் தனிப்பட்ட கடிதங்கள் 2007-இல் வெளியானபோது பலர் அதிர்ந்தார்கள். பல பத்தாண்டுகள் தேவனை உணரவே முடியாத இருளில் தான் இருந்ததாக எழுதியிருந்தார். அதே வருடங்களில்தான் தெருவில் கிடந்தவர்களைத் தூக்கிச் சுமந்தார், மற்றவர்களைப் பார்த்துப் புன்னகைத்தார். உணர்வு இல்லாத நாட்களில் சேர்ந்திருப்பதற்கு வேறு பெயர் இருக்கிறது: உண்மையாயிருத்தல்.

வீட்டில் மரணம் நடந்திருக்கிறது. “எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்” என்ற வசனத்தைச் சொல்லி ஆறுதல்படுத்துகிறார்கள். கோபம்தான் வருகிறது.

கோபம் நியாயமானது. அந்த வசனம் துக்க வீட்டில் நீட்டுவதற்காக எழுதப்பட்டதில்லை. அதை எழுதிய அதே பவுல், “அழுகிறவர்களுடனே அழுங்கள்” என்றும் எழுதினார். லாசருவைச் சில நிமிடங்களில் எழுப்பப்போகிறார் என்று தெரிந்தும் இயேசு கண்ணீர் விட்டார். 88-ஆம் சங்கீதம் ஒரு சொல் ஆறுதலும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது, அப்படியே வேதத்துக்குள் இடம்பெற்றும் இருக்கிறது. தேவனுடைய முகத்துக்கு முன்பாக அழவும் இடமுண்டு என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

அதே இடத்தில் “எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்” என்கிறார் பவுல் (1 தெசலோனிக்கேயர் 5:18). எல்லாவற்றிலேயும், எல்லாவற்றுக்காகவும் என்று இல்லை. இழப்புக்காக நன்றி சொல்லும்படி உங்களை யாராவது வற்புறுத்தினால், அன்போடு மறுத்துவிடுங்கள்.

துக்கமும் சந்தோஷமும் ஒன்றை ஒன்று துரத்த வேண்டியதில்லை. “துக்கப்படுகிறவர்கள் என்னப்பட்டாலும் எப்பொழுதும் சந்தோஷப்படுகிறவர்கள்” என்று பவுல் தன்னைப் பற்றிச் சொல்கிறார் (2 கொரிந்தியர் 6:10). பரிபூரண ஆனந்தம் என்று முடியும் 16-ஆம் சங்கீதமே “தேவனே, என்னைக் காப்பாற்றும்” என்ற கூப்பாட்டில்தான் தொடங்குகிறது. முதல் வசனத்தில் நிற்பவரைக் கடைசி வசனத்துக்கு யாரும் தள்ளிக்கொண்டு போக வேண்டாம். அவர் நடந்து வருவார், கூட நடக்க ஆள் இருந்தால் போதும்.

எனக்கு மனச்சோர்வு நோய் என்கிறார் மருத்துவர். விசுவாசக் குறைவா?

இல்லை. மருந்து கொடுத்திருந்தால் சாப்பிடுங்கள், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அந்த நிமிடமே யாரையாவது கூப்பிட்டுச் சொல்லுங்கள், தனியாக ஜெபித்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

1 இராஜாக்கள் 19-இல் எலியா, நான் சாக வேண்டும் என்று கேட்டுவிட்டுச் சூரைச்செடியின் கீழ் படுத்துவிடுகிறார். தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் தட்டி எழுப்பிக் கொடுத்தான். “நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்” என்பதுதான் அவன் சொன்ன காரணம். தேவன் அவரோடு பேசிய மெல்லிய சத்தமெல்லாம் நாற்பது நாள் கழித்து, ஓரேப் மலையில்.

கீர்த்தனை எழுதிய வில்லியம் கூப்பர் (1731–1800) வாழ்நாளின் பெரும்பகுதி கடும் மனநோயோடு போராடினார். புகழ்பெற்ற ஆங்கிலப் பிரசங்கியார் சார்லஸ் ஸ்பர்ஜனை எடுத்துக்கொள்ளுங்கள். 1856 அக்டோபரில் அவர் பிரசங்கித்த அரங்கில் யாரோ ‘தீ’ என்று பொய்யாகக் கத்த, நெரிசலில் ஏழு பேர் இறந்தார்கள். அப்போது அவருக்கு வயது 22. அந்த அதிர்ச்சியோடும் திரும்பத் திரும்ப வந்த மனச்சோர்வோடும்தான் அவர் கடைசிவரை ஊழியம் செய்தார், அதை மேடையிலும் மாணவர்களிடமும் மறைக்காமல் பேசினார். இவர்களுடைய விசுவாசத்தை யாரும் அளந்து பார்க்கத் துணிவதில்லை. உங்களுடையதை மட்டும் ஏன் அளக்க வேண்டும்?

பாவத்தில் விழுந்த பிறகு ஜெபிக்கவே கூசுகிறது. கொஞ்ச நாள் விலகி இருந்து, சரியான பிறகு வரலாமா?

ஆதாமும் ஏவாளும் அதைத்தான் செய்தார்கள், தேவனுடைய சந்நிதிக்கு விலகி மரங்களுக்குள் ஒளிந்தார்கள். ‘எங்கே இருக்கிறாய்’ என்று தேடி வந்தவர் அவர்தான்.

சரியான பிறகு வருவது என்பது, குளித்த பிறகு குளியலறைக்குப் போகிறேன் என்பது போல. தாவீது 51-ஆம் சங்கீதத்தை எழுதியது சரியான பிறகு இல்லை. “உமது சமுகத்தை விட்டு என்னைத் தள்ளாமலும்” என்று கெஞ்சுகிறார், அடுத்த வரியில் “உமது இரட்சணியத்தின் சந்தோஷத்தைத் திரும்பவும்” கேட்கிறார். சமுகமும் சந்தோஷமும் மறுபடி பக்கத்துப் பக்கத்தில். லாரன்ஸ் தவறிவிட்டால், ‘நீர் பிடித்துக்கொள்ளாவிட்டால் நான் எப்போதும் இப்படித்தான் செய்வேன், நீரே சரிசெய்யும்’ என்ற பொருளில் சொல்லிவிட்டு, அதைப் பற்றி மேலும் மனதை அரித்துக்கொள்ளாமல் வேலைக்குத் திரும்பிவிடுவாராம். மற்றவருக்குத் தீங்கு செய்திருந்தால் அவரிடம் போய்ச் சரிசெய்ய வேண்டும், அது தனி. தேவனிடம் திரும்புவதற்குக் காத்திருப்புக் காலம் கிடையாது.

நல்ல சாப்பாடு, நண்பர்களோடு சிரிப்பு, பாட்டு, விளையாட்டு இவற்றை ரசித்தால் தேவனைவிட்டு விலகுகிறோமா?

தேவன் “நாம் அநுபவிக்கிறதற்குச் சகலவித நன்மைகளையும் நமக்குச் சம்பூரணமாய்க் கொடுக்கிறவர்” (1 தீமோத்தேயு 6:17). அநுபவிக்கிறதற்கு. பவுல் வேண்டுமென்றே போட்ட சொல்தான் அது. 1647-இல் எழுதி முடிக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் சிறு வினாவிடையின் முதல் கேள்வியே, மனிதனின் தலையாய நோக்கம் என்ன என்பது. அதன் பதில்: தேவனை மகிமைப்படுத்துவதும், என்றென்றும் அவரில் மகிழ்ந்திருப்பதும். கண்டிப்புக்குப் பேர்போன மனிதர்கள் எழுதிய பதில் இது.

என் சோதனை எளிது. ரசித்துக்கொண்டிருக்கும் போதே ‘நன்றி ஆண்டவரே’ என்று சொல்ல வாய் வருகிறதா? வந்தால் தாராளமாக ரசியுங்கள். வராமல் இடறினால், அந்த இடறலை மட்டும் கொஞ்சம் யோசியுங்கள்.

தனியாக இருக்கும்போதுதான் எனக்கு தேவ சமாதானம். சபை தேவையா?

நெகேமியா 8-ஐ முழுவதுமாக வாசியுங்கள். “கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பதே உங்களுடைய பெலன்” என்ற வரியை மட்டும் பிரித்து அட்டையில் எழுதி மாட்டுகிறோம். அது சொல்லப்பட்டது தண்ணீர் வாசலுக்கு முன்னான வீதியில், காலை முதல் நண்பகல்வரை நின்று வேதம் கேட்டு அழுதுகொண்டிருந்த ஒரு கூட்டத்துக்கு. அதே வசனத்தின் முன்பாதி, போய்ப் புசியுங்கள், குடியுங்கள், ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்குகளை அனுப்புங்கள் என்கிறது. பங்கு அனுப்பாத மகிழ்ச்சியை அந்த அதிகாரத்துக்குத் தெரியாது.

பிலிப்பியருக்கு எழுதிய கடிதமும் அப்படித்தான். நான்கே அதிகாரம், காவலில் இருந்துகொண்டு எழுதியது, திரும்பின பக்கமெல்லாம் சந்தோஷம். அதைப் பெற்றவர்கள் யார்? பவுலும் சீலாவும் அடிபட்டு, தொழுமரத்தில் கால்கள் மாட்டப்பட்டு, நடுராத்திரியில் பாடிய சிறைச்சாலை பிலிப்பி பட்டணத்தில்தான் இருந்தது. அன்று இரவே குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்ற சிறைக்காவலன் அந்தச் சபையில் உட்கார்ந்து, “சந்தோஷமாயிருங்கள் என்று மறுபடியும் சொல்லுகிறேன்” என்று வாசிக்கக் கேட்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. எழுதியவர் வெறும் வார்த்தை சொல்லவில்லை என்று அவனுக்குத் தெரியும், அந்தப் பாட்டை அவன் வீட்டருகேதான் பாடினார்கள். இதெல்லாம் தனியறையில் கிடைக்காது.

சபையில் காயப்பட்டு விலகியிருப்பவருக்கு மட்டும் வேறு பதில். அவசரப்பட வேண்டாம். நம்புகிற இரண்டு பேரோடு தொடங்கலாம்.

சரி, எங்கே தொடங்குவது? எவ்வளவு நாளில் மாற்றம் தெரியும்?

பெரிய திட்டம் போடாதீர்கள். நான் போட்ட திட்டங்கள் எல்லாம் பத்தாம் நாளில் செத்துப்போனவை. இந்த வாரம் ஒரே ஒரு இடுக்கைத் தேர்ந்தெடுங்கள், தினமும் தவறாமல் வருவதாக இருக்கட்டும். நான் எடுத்தது பாத்திரம் கழுவும் நேரம். எனக்கும் பிடிக்காத வேலை, லாரன்ஸ் நினைவுக்கு வந்ததால் எடுத்தேன். குழாயைத் திறக்கும்போது சங்கீதம் 16:11-ஐ ஒருமுறை சொல்வது, அவ்வளவுதான் திட்டம். முதல் வாரம் ஏழில் மூன்று நாள் நினைவு வந்தது. மறந்த நாட்களில் கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்க்கும்போது நினைவு வரும், அப்போது சொல்வேன்.

மாற்றம் எப்போது என்ற கேள்வியை நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மனைவி வந்து, “என்ன, பாடிக்கொண்டே கழுவுகிறீர்கள்?” என்றாள். பாடிக்கொண்டிருந்தது எனக்கே தெரியவில்லை.